வெள்ளைச் சேட்டின் மஞ்சள் கறைக்குக் குளோரின் மருந்தல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலைப் பிள்ளையின் வெள்ளைச் சேட்டில் கமக்கட்டுப் பக்கம் மஞ்சள் படியத் தொடங்கினால், கொழும்பில் பல வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். குளோரின் (‘பிளீச்’ என்று விற்கும் திரவ வெளிற்றி) போத்தலைத் திறந்து வாளியில் ஊற்றி, சேட்டை இரவு முழுக்க அதில் அமிழ்த்தி வைப்பார்கள். காலையில் பார்த்தால் மஞ்சள் கூடியிருக்கும். போதவில்லை போலும் என்று மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். ஓரிரு தவணைக்குள் அந்த இடத்தில் துணி இற்றுக் கிழிந்துவிடும். இன்றைய விலைவாசியில் ஒரு சீருடை தைக்க என்ன செலவாகும் என்பது பெற்றோருக்குத் தெரியும். இப்படிக் குப்பைக்குப் போகும் சேட்டுகளில் பலவற்றைக் காப்பாற்ற முடியும் என்பதாலேயே இந்தக் கடிதம்.

வியர்வைக்கு நிறம் கிடையாது. அதில் ஏறக்குறைய முழுவதும் தண்ணீர்தான். மிச்சம் உப்பும் கொஞ்சம் யூரியாவும். கமக்கட்டில் வேறொரு வகைச் சுரப்பியும் உண்டு. அதிலிருந்து கொழுப்பும் புரதமும் சேர்ந்து வருகின்றன. வியர்வையைத் தடுக்கப் பூசும் ரோல்-ஒன்னில் இருப்பது அலுமினிய உப்பு. போத்தலின் பின்புறம் ‘அலுமினியம் குளோரோஹைட்ரேட்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். இந்த அலுமினியமும் அந்தக் கொழுப்பும் புரதமும் நூலுக்குள் ஒன்றுசேர்ந்து இறுகுவதுதான் மஞ்சள் கறை. துணிக்குச் சாயம் தோய்ப்பவர்கள் நிறம் நூலில் பிடித்துக்கொள்ளப் படிகாரம் போடுவார்கள். படிகாரமும் அலுமினிய உப்புத்தான். சாயத் தொட்டியில் நாம் விரும்பிச் செய்யும் அதே வேலை கமக்கட்டில் நாம் கேளாமலே நடக்கிறது. ரோல்-ஒன் கூடாது, இயற்கையானதே நல்லது என்று படிகாரக் கட்டியைத் தேய்ப்பவர்களுடைய சேட்டிலும் மஞ்சள் வருவதற்குக் காரணம் இதுவே.

குளோரின் ஏன் உதவாது? புரதத்தோடு சேர்ந்தால் அதுவே மஞ்சளாக்கும். பருத்தி நூலைப் பலவீனப்படுத்தும். இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. சுருக்கம் விழாத துணி என்று விற்கப்படுபவற்றில் ஒருவகைப் பிசின் ஏற்றியிருப்பார்கள். சிலவகைப் பிசின்கள் குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாக அலசினாலும் போகாது. அதன்மேல் சூடான அயன் பட்டதும் துணி மஞ்சளாகும், நூலும் இற்றுப்போகும். ‘தோய்த்துக் காயப்போட்டபோது வெள்ளையாகத்தான் இருந்தது, அயன் பண்ணியதும் மஞ்சளாகிவிட்டது’ என்ற முறைப்பாட்டின் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

கறையை எடுக்கும் முறைக்கு வருவோம். இதில் வரிசை முக்கியம். முதலில் அலுமினியத்தைக் கரைக்க வேண்டும், அதன் பிறகே நிறத்தை வெளிற்ற வேண்டும். அலுமினியம் அமிலத்தில் கரையும். ஆகவே நிறமில்லாத வினாகிரி அரைக் கப், தண்ணீர் இரண்டு கப் கலந்து, சேட்டை உட்புறம் வெளியே வரத் திருப்பி, கமக்கட்டுப் பகுதியை மட்டும் அரை மணித்தியாலம் ஊறவிட வேண்டும். கறை பிடித்த இடம் மட்டைபோல விறைத்திருந்தால் ஒரு மணித்தியாலம் விடலாம். பிறகு குழாய்த் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும்.

அடுத்தது பசை. பாமசியில் 3 சதவீத ஐதரசன் பெரொக்சைட் கிடைக்கும். சில போத்தல்களில் ‘10 வொல்யூம்’ என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். தலைமயிருக்குப் பூச விற்பது 20 வொல்யூமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம், அது வேண்டாம். பெரொக்சைட் இரண்டு மேசைக்கரண்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மேசைக்கரண்டி, அப்பச்சோடா ஒரு மேசைக்கரண்டி. ஒரு சேட்டின் இரண்டு பக்கத்துக்கும் இது போதும். கையுறை போட்டுக்கொண்டு பூசி, பழைய மென்மையான பல் பிரஷால் நூல் போகும் திசையில் மெதுவாகத் தேய்த்து, முக்கால் மணித்தியாலம் நிழலில் வைக்க வேண்டும். பசை காய்ந்துவிடக் கூடாது. காய்வதுபோல இருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். பிறகு அலசிவிட்டு வழமைபோலத் தோய்க்கலாம். மிஞ்சிய கலவையைப் போத்தலில் அடைத்து வைக்காதீர்கள். அதிலிருந்து ஒட்சிசன் வந்துகொண்டே இருக்கும், மூடி தெறிக்கும். பெரொக்சைட் பழையதா என்று சந்தேகமாயிருந்தால் வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரைக்காவிட்டால் அது வெறும் தண்ணீராகிவிட்டது என்று அர்த்தம்.

இங்கே பலர் விடும் பிழை, வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒரே கிண்ணத்தில் கலப்பது. பொங்கி நுரைப்பதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பதுபோலத் தெரியும். உண்மையில் ஒன்றை ஒன்று முறித்து, கடைசியில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான். வினாகிரியையும் பெரொக்சைட்டையும் ஒரே பாத்திரத்தில் கலப்பதும் கூடாது. தோலையும் கண்ணையும் அரிக்கும் அமிலம் உண்டாகும். அதனால்தான் நடுவில் அலசச் சொல்கிறோம்.

வருடக்கணக்கில் இருக்கும் கறைக்குப் பசை போதாது. சோடியம் பெர்காபனேட் உள்ள ஒட்சிசன் வெளிற்றித் தூள் வேண்டும். பச்சைத் தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாது. கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் ஏறக்குறைய 50 பாகை வரும். அப்படி நாலு லீற்றருக்கு மூன்று மேசைக்கரண்டி தூள் போட்டு, முழுக்கக் கரைத்த பிறகே சேட்டைப் போட்டு நாலு மணித்தியாலம் ஊறவிட வேண்டும். வாளியை இறுக மூடக் கூடாது. ஒருமுறையில் பாதிதான் போகும், இரண்டாம் முறையும் செய்ய வேண்டிவரலாம். கறை முழுக்கப் போகும்வரை அயன் வைக்கவே வேண்டாம். சூடு பட்டால் மிச்சக் கறை நூலோடு இறுகிவிடும்.

நீலம் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீலம் கறையை எடுப்பதில்லை. மஞ்சளுக்கு மேல் நீலம் விழும்போது கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கறை தடிப்பாக இருந்தால் அந்த இடம் பச்சை கலந்த சாம்பல் நிறமாகும். கறை போன சேட்டுக்கு நீலம் போடுவதில் பிழையில்லை.

சேட்டின் கொலரில் படியும் கறை வேறு சாதி. அது தோல் எண்ணெயும் தூசியும். வினாகிரி தேவையில்லை, தோய்க்க முதல் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவிப் பத்து நிமிடம் விட்டால் போதும். கறுப்புச் சேட்டில் வெள்ளையாகத் தெரிவது உப்பென்றால் தண்ணீரிலேயே போய்விடும். ரோல்-ஒன் படிவென்றால் மேலே சொன்ன வினாகிரித் தண்ணீர். நிறத் துணிக்குப் பெரொக்சைட் பாவிப்பதற்கு முதல் உள்மடிப்பில் ஒரு துளி விட்டுப் பார்ப்பது அவசியம்.

வராமல் தடுப்பது இதைவிடச் சுலபம். கொழும்பில் காற்றில் ஈரம் கூடுதல் என்பதால், வியர்வை ஆவியாகாமல் துணியிலேயே நிற்கிறது. பங்குனி, சித்திரையில் காலி வீதியில் நெரிசலான பஸ்ஸில் அரை மணித்தியாலம் நின்றாலே சேட் நனைந்துவிடும். அதற்காக ரோல்-ஒன்னைக் கூடுதலாகப் பூசுவது கறையைத்தான் கூட்டும். இரண்டு இழுப்புப் போதும். இரவு குளித்து, நன்றாகத் துடைத்து, காய்ந்த தோலில் பூசிவிட்டுப் படுப்பதே நல்லது; இரவில் வியர்வை குறைவு என்பதால் மருந்து துவாரத்தில் தங்கும், காலையில் துணியில் ஒட்டவும் மிச்சமிராது. காலையில்தான் பூசுவேன் என்பவர்கள் ஐந்து நிமிடமாவது காயவிட்டு உடுக்க வேண்டும். மணத்துக்காக மட்டும் பூசுபவர்கள் அலுமினியம் இல்லாத டியோடரன்டை வாங்கலாம். பெனியன் போடுவதென்றால் அரைக்கை உள்ளதாக இருக்க வேண்டும். கையில்லாப் பெனியன் நெஞ்சையும் முதுகையும் காக்குமே தவிர, கறை படியும் இடத்தைக் காக்காது.

எல்லாவற்றையும்விடப் பயன் தரும் பழக்கம் ஒன்று. பிள்ளை வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றியதும் கமக்கட்டு இரண்டையும் குழாயில் பிடித்துப் பச்சைத் தண்ணீரில் கசக்கி விடுங்கள். ஒரு நிமிட வேலை. சவர்க்காரம்கூட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தோய்க்கலாம் என்று கூடைக்குள் ஐந்து நாள் சுருட்டி வைத்தால் அந்த ஐந்து நாளும் கறை இறுகிக்கொண்டிருக்கும். கொழும்புக் குழாயில் வரும் களனி ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். ஆனால் அந்த நுரை போகக் கூடுதலாக ஒருமுறை அலச வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருப்பதால் அங்கே சவர்க்காரக் கட்டி திரைந்து துணியில் படியும். அங்கே சலவைத்தூளே நல்லது. துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சீருடைக்குப் போடவே வேண்டாம். அது நூலில் ஒரு படலம் விடும், வியர்வையும் எண்ணெயும் அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

பட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அப்பச்சோடா, வெளிற்றித் தூள், நொதியம் சேர்ந்த சலவைத்தூள் எல்லாமே பட்டைக் கெடுக்கும். பட்டுச் சட்டை தைக்கும்போதே கமக்கட்டில் கழற்றித் தோய்க்கக்கூடிய பருத்தித் துணியைப் பிறை வடிவில் வெட்டி, உள்ளே நூலோட்டிக் கொடுக்கும்படி தையல்காரரிடம் கேளுங்கள். கலியாண வீட்டால் வந்ததும் பட்டை மடித்து அலுமாரியில் வைக்காமல் இரவு முழுக்க மின்விசிறிக்குக் கீழே காயவிட வேண்டும்.

கடைசியாக, உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, வீட்டில் ஏற்கெனவே குளோரினில் ஊறிக்கொண்டிருக்கும் சேட்டின் மேல் யாரும் வினாகிரியை ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். தொடர்மாடி வீடுகளின் சின்னக் குளியலறையில், யன்னலும் மூடியிருந்தால், மூச்சுத்திணற அது போதும். தேசிக்காய்ச் சாறும் அமிலந்தான், அதற்கும் இதே எச்சரிக்கை. குளோரினில் போட்ட துணியை மூன்று தண்ணீர் அலசி, ஒருநாள் காயவிட்ட பிறகே வினாகிரிக்குள் போட வேண்டும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘பிளீச்’ என்று கேட்டு வருபவரிடம் குளோரின் போத்தலை அப்படியே எடுத்து நீட்டாமல், எந்தத் துணிக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வியர்வைக் கறைக்கென்றால் ஒட்சிசன் தூளைக் காட்டுங்கள். குளோரின் போத்தல் தயாரிப்போர் ‘வினாகிரியோடும் தேசிக்காயோடும் சேர்க்க வேண்டாம்’ என்பதைப் போத்தலின் முன்பக்கத்திலேயே, கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடிய அளவில், தமிழிலும் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
சலவையும் தையலும் செய்வோர் இருவர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13