மருந்து அடிப்பவருக்குக் கவசம் எப்படிக் கிடைக்கும்?

ஐயா,

பூச்சிக்கொல்லி பட்டவுடன் அதை முறித்துவிடும் துணியில் தைத்த ‘கிசான் கவச்’ உடை பற்றிய செய்தியைப் படித்தேன். பெங்களூரு இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனம் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கி, 2024 டிசம்பரில் வெளியிட்டது. துவைத்துத் துவைத்து ஓராண்டு வரை உடுத்தலாம் என்கிறார்கள். சரி, நல்லதுதான், ஆனால் அறிமுக விலையே 4,000 ரூபாய். மருந்து அடிப்பவர் பெரும்பாலும் நிலத்துக்காரர் இல்லை, கூலிக்காரர். அவரால் வாங்க முடியாது, நிலத்துக்காரர் வாங்கித் தரவும் மாட்டார்.

எங்கள் பக்கம் நெல் பால் பிடிக்கும்போது கதிர் நாவாய்ப்பூச்சிக்கு மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லித் தூளை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி உதறிக்கொண்டே போவார்கள். உடம்பில் பழைய சட்டை, மூக்கில் துண்டு, அவ்வளவுதான். காற்று திரும்பினால் தூள் கழுத்து வியர்வையில் அப்பிக்கொள்ளும், அதே துண்டால் முகத்தைத் துடைப்பார்கள், சாயங்காலம் அந்தச் சட்டை பிள்ளைகளின் துணியோடு ஒரே வாளியில் ஊறும். பிளாஸ்டிக் உடை கொடுத்தால் இந்த வெயிலில் அரை மணி நேரம்கூடத் தாங்காமல் கழற்றிப் போடுவார்கள், அதனால்தான் கிசான் கவச் பருத்தித் துணி என்பது முக்கியம். மானியம் என்று அறிவித்துவிட்டுப் பட்டா, சிட்டா கேட்டால் கூலிக்காரருக்கு ஒன்றும் வந்து சேராது. வேளாண் இயந்திர வாடகை மையங்களிலும் கூட்டுறவு சங்கங்களிலும் தெளிப்பானோடு இந்த உடையையும் சேர்த்தே வாடகைக்குக் கொடுக்கலாம். துவைக்கும் பொறுப்பும் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்