பாவித்த போன் வாங்கும்போது பார்க்க வேண்டிய திகதி

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டார், சவூதி என்று உழைக்கப் போனவர்கள் தாங்கள் பாவித்த போனை ஊரில் இருக்கும் தாய்க்கோ தங்கைக்கோ கொடுத்தனுப்புவது காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை வழக்கம். கல்முனை, மட்டக்களப்புக் கடைகளிலும் பாவித்த போன்கள் நன்றாக விலைப்படுகின்றன. வாங்குகிறவர்கள் ஸ்கிறீனில் கீறல் உண்டா, பற்றரி நிற்குமா, கமெரா எப்படி, எத்தனை ஜி.பி. என்று பார்க்கிறார்கள். பிறகு அதே போனில் வங்கிச் செயலியும் அடையாள அட்டைப் படமும் ஏறிவிடுகின்றன. அந்த போனுக்கு இன்னமும் பாதுகாப்பு அப்டேட் வருகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். செற்றிங்ஸில் 'போன் பற்றி' என்ற பகுதிக்குள் அன்ட்ரொய்ட் பதிப்பை அழுத்தினால் 'அன்ட்ரொய்ட் பாதுகாப்பு அப்டேட்' என்று ஒரு திகதி தெரியும். அதன் அருகே 'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்' என்று இன்னொரு திகதியும் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அன்ட்ரொய்ட் 10இலிருந்து வந்த இந்த இரண்டாவது வகை, இயங்குதளத்தின் சில பகுதிகளை மட்டுமே திருத்தும். இயங்குதளத்தின் மையமான கேர்னலையும் சிப்பின் மென்பொருளையும் திருத்துவது முதலாவது வகைதான். அந்தத் திகதி ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்து, அப்டேட் தேடினாலும் ஒன்றும் வராவிட்டால், அந்த போனை நிறுவனம் கைவிட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

கைவிட்டால் என்ன ஆகும்? 2015 முதல் கூகுள் பெரும்பாலும் மாதந்தோறும் அன்ட்ரொய்டின் ஓட்டைகளைப் பட்டியலிட்டுத் திருத்தங்களை வெளியிடுகிறது. திருத்தம் கிடைத்த போனுக்கு அது நல்லது. கிடைக்காத போனுக்கோ, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று ஊருக்கே அறிவித்தது போலாகிறது. 2020 பெப்ரவரியில் திருத்தப்பட்ட ஒரு புளூடூத் ஓட்டையை எடுத்துக்கொள்வோம். அன்ட்ரொய்ட் 8, 9 போன்களில் புளூடூத் திறந்திருந்தால், அருகில் இருக்கும் ஒருவர் போன்காரர் எதையும் அழுத்தாமலே உள்ளே தன் நிரலை ஓட்ட முடியும். 2023 செப்டெம்பரில் வெப்-பி என்ற பட வகையைத் திறக்கும் நிரல் தொகுப்பில் ஓட்டை தெரியவந்தது. குரோம் அப்டேட் ஆனதும் குரோமுக்குள் அது அடைபட்டது. ஆனால் அன்ட்ரொய்டுக்குள்ளேயே இருக்கும் அதே தொகுப்பு, மாத அப்டேட் வராத போன்களில் அப்படியே கிடக்கிறது.

அந்த குரோம் வசதியும் பழைய போனுக்கு நிலைக்காது. 2025 ஆகஸ்ட் முதல் புதிய குரோம் அன்ட்ரொய்ட் 10உம் அதற்கு மேலும் உள்ள போன்களுக்கு மட்டுமே. அன்ட்ரொய்ட் 12க்கான திருத்தங்களையே கூகுள் 2025 மார்ச்சுடன் நிறுத்திவிட்டது. ஐபோனுக்கும் எல்லை உண்டு: ஐபோன் 7 ஐஓஎஸ் 15உடன் நின்றது, ஐபோன் 8உம் எக்ஸும் 16உடன் நின்றன.

நம்மவர் பணம் பெரும்பாலும் ஓ.ரி.பி. என்று வங்கி அனுப்பும் ஒருமுறை இரகசிய இலக்கத்தை வாயால் சொல்லித்தான் போகிறது என்பது உண்மை. ஆனால் வட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. என்ற செயலிக் கோப்பை ஏற்றிவிட்டால், பழைய பதிப்பு இன்னும் எளிதாகத் தோற்கிறது. அந்தப் போலிச் செயலி முதலில் கேட்பது 'அணுகல்தன்மை' அனுமதி. அது கிடைத்தால் திரையை வாசிக்கவும் தானே பொத்தான்களை அழுத்தவும் அதனால் முடியும். அன்ட்ரொய்ட் 13 முதல் இப்படி வெளியிலிருந்து வந்த செயலிகளுக்கு அந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி தடை இருக்கிறது. பழையவற்றில் அது இல்லை.

கடைகளில் சொல்லப்படும் மூன்று வைத்தியங்களும் இதற்குச் சரிவராது. வைரஸ் காட் செயலி, மற்றச் செயலிகளைப் போலவே தன் எல்லைக்குள் அடைபட்டது. இயங்குதளத்தின் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. பெக்டரி ரீசெற் செய்தால் போன் சுத்தமாகும், அதே ஓட்டையோடு. சொப்ட்வெயார் அடித்தாலும் நிறுவனம் கடைசியாக விட்ட பதிப்புக்கு மேல் போகாது. வேறெங்கோ எடுத்த பதிப்பை அடித்து, போனைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் மென்பொருளின் பூட்டைத் திறந்தே விட்டால் பல வங்கிச் செயலிகள் வேலை செய்யவே மறுக்கும்.

புதிய போன் வாங்க வசதியில்லாதவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் வழி இருக்கிறது. முதலில், வரக்கூடிய அப்டேட் எல்லாவற்றையும் எடுங்கள். இடம் போதாமையாலும் அப்டேட் நின்றுபோவதுண்டு, ஆகவே வீடியோக்களை அழித்து ஐந்து ஜி.பி.யாவது காலியாக்கி, பற்றரி பாதிக்கு மேல் இருக்க, வைஃபையில் போடுங்கள். ஒன்று முடிந்ததும் மறுபடி தேடுங்கள். நெடுநாள் கிடந்த போனுக்கு அப்டேட்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வரும். அதன் பிறகும் திகதி பழையதென்றால் வங்கிச் செயலியை அகற்றிவிட்டு, வங்கியில் பதிந்த சிம்மைச் சாதாரண பட்டன் போனுக்கு மாற்றுங்கள். ஓ.ரி.பி. அங்கே வரும். பதிவு செய்த வட்ஸ்அப் பழைய போனில் வைஃபையில் தொடர்ந்து ஓடும். புளூடூத்தை அணைத்து வையுங்கள். 'தெரியாத ஆப்ஸ்' நிறுவும் அனுமதியை வட்ஸ்அப்பிலும் பிரவுசரிலும் எடுத்துவிடுங்கள்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பாவித்த போனுக்குப் பில் எழுதும்போது ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தின் கீழ் அன்ட்ரொய்ட் பதிப்பையும் பாதுகாப்புத் திகதியையும் எழுதிக் கொடுங்கள். அப்டேட் எதுவரை கிடைக்கும் என்று உற்பத்தியாளர் அறிவிக்க வேண்டும் என பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் முதல் சட்டமே இருக்கிறது. இங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அப்படியொரு விதியைக் கொண்டுவர வேண்டும். அதுவரை உங்கள் பத்திரிகையில் போன் விளம்பரம் தருவோரிடம் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பீர்களா?

கைபேசி திருத்தும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கல்முனை.