சூடு மட்டும் செய்த மாணிக்கம் என்று விற்ற கல்லில் ஈயக் கண்ணாடி: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
காங்கேயம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

மார்ச் மாதம் உங்கள் இணையக் கடையில் 3.20 காரட் மாணிக்கம் ஒன்று வாங்கினேன். காரட் 27,000 ரூபாய் வீதம் மொத்தம் 86,400 ரூபாய். பில்லிலும், கல்லோடு வந்த அட்டையிலும் ‘இயற்கை மாணிக்கம், மொசாம்பிக், சூடு மட்டும் செய்தது’ என்று இருக்கிறது. அதாவது நிறம் கூட உலையில் வைத்ததே தவிர, வெளியிலிருந்து எதுவும் சேர்க்காத கல் என்று அர்த்தம். வந்த கல்லோ பிளவுகளுக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பியது. போன மாதமே போனில் சொன்னேன், பரிசோதனை அறிக்கையையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். அதற்கு நீங்கள் எழுதிய பதில்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத உட்கார வைத்தது.

எனக்குக் கல் வியாபாரம் கிடையாது, ஆசைதான். காங்கேயத்துப் பக்கம் பிறந்தவர்களுக்குக் கல் புதிதில்லை. மழை விட்ட மறுநாள் உழுத காட்டில் மினுமினுக்கும் கற்களைப் பாவாடையில் பொறுக்கி வந்து வளர்ந்தவள் நான். பக்கத்துப் படியூர்க் கடல்நிறக் கல் ஒரு காலத்தில் எங்கெங்கோ போனது. பதினோரு வருடமாக நவரத்தினத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கனக புஷ்பராகம் ரத்தினபுரிக்கே போய் வாங்கியது. நீலம் சூடு செய்த கல்தான். விற்றவர் அதைச் சொல்லித்தான் விற்றார், நானும் மனமாரத்தான் வாங்கினேன். கண்ணாடி நிரப்பிய மாணிக்கம்கூட ஒன்று என் டப்பாவில் இருக்கிறது. அது காரட் 400 ரூபாய், தெரிந்தே வாங்கியது. பக்குவம் செய்த கல் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். என்ன செய்திருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எட்டுக் கல் சேர்ந்துவிட்டது. பதக்கத்தின் நடுவில் வைக்க மாணிக்கம் ஒன்றுதான் பாக்கி. விலை உயர்ந்த பர்மா மோகோக் கல் என்று போட்டிருந்தால் அந்த விலைக்கு நான் நம்பியிருக்க மாட்டேன். மொசாம்பிக் என்று போட்டிருந்தீர்கள். 2009இல் அந்த நாட்டு மோன்டேபுவேஸ் பகுதியில் மாணிக்கம் கிடைத்த பிறகு அங்கிருந்து நல்ல கல் நிறைய வருகிறது. சூடு செய்த கல், உள்ளே கொஞ்சம் குறை, இந்த விலை என்றால் பொருந்தித்தான் வருகிறது என்று நினைத்தேன்.

கல் ஒட்டி அடைத்த பிளாஸ்டிக் உறையில் வந்தது. அதன் மேலேயே ‘சீலைப் பிரித்தால் திருப்பி எடுக்கப்பட மாட்டாது’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். உறைக்கு மேலே லென்ஸை வைத்தால் பிளாஸ்டிக்கின் கீறல்தான் தெரிகிறது. வாங்கியவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அடைத்தது போலத்தான் இப்போது எனக்குப் படுகிறது.

உறையைப் பிரித்தது எங்கள் பத்தரின் பட்டறையில். நாற்பது வருடத் தொழில் அவருக்கு. என் அம்மாவின் தோட்டைச் செய்தவரும் அவர்தான். கல்லை விளக்குக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “வெடிப்பு நெறையா ஓடுதுங்க அம்மணி. கண்ணாடி அடைச்ச கல்லு இல்லீங்களே?” என்று கேட்டார். நான் உங்கள் அட்டையை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, சரி என்றார். நானாவது அப்போது லென்ஸை வாங்கி ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். அட்டையை நம்பினேன்.

கல்லைக் கட்டி முடித்ததும் பதக்கத்தின் மேல் வளையத்தை மறுபடி பற்றவைக்க வேண்டி வந்தது. மற்ற எட்டுக் கல்லும் அப்போது கட்டவில்லை. முத்தும் பவழமும் திராவகம் பட்டால் கெட்டுவிடும், மரகதத்துக்குச் சூடு ஆகாது. மாணிக்கம் இரண்டையும் தாங்கும். அந்தத் தைரியத்தில் ஊதிப் பற்றவைத்து, ஆற விட்டு, கருப்புப் போக நீர்த்த திராவகத்தில் போட்டார். எடுத்துக் கழுவியபோது கல்லின் சிவப்பு முகம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், சுண்ணாம்பில் தோய்த்த நூலை இழுத்து ஒட்டியது போல. நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் தட்டியது. அவர் எதுவும் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றுவிட்டார். கூலி வாங்க மாட்டேன் என்று சொன்னதோடு நிற்காமல், கல்லின் விலையை மாதாமாதம் கொடுத்து அடைக்கிறேன் என்கிறார்.

கல்லைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். ஈயக் கண்ணாடி நிரப்பியது, கண்ணாடி அதிக அளவில் இருக்கிறது என்று அறிக்கை வந்தது. கோடு விழாத இடத்தை நானே பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். சாய்த்தால் பிளவு ஓடும் இடத்தில் நீலமும் ஆரஞ்சுமாக ஒரு பளிச்சென்ற வீச்சு, நடுவில் தட்டையான காற்றுக் குமிழிகள். என்னிடம் இருக்கும் 400 ரூபாய்க் கல்லிலும் இதேதான்.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். ‘கண்ணாடியை நிரப்புவதும் உலையில் வைத்துத்தான், ஆகவே சூடு செய்தது என்று எழுதியது சரியே’ என்கிறீர்கள். இதை எழுதியவருக்குத் தொழில் தெரியாமல் இருக்க முடியாது. சூடு செய்வது என்றால் கல்லில் இருப்பதை வைத்தே நிறத்தையும் தெளிவையும் கூட்டுவது. அப்படி வந்த நிறம் போகாது, பத்தரின் நெருப்பையும் திராவகத்தையும் தாங்கும். நீங்கள் விற்றதில் வெளியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அடைத்திருக்கிறது. எலுமிச்சைச் சாறு பட்டாலே அரிக்கிற பொருள் அது. அதன் எடையும் சேர்ந்துதான் 3.20 காரட். அந்தக் கண்ணாடிக்கும் காரட் 27,000 என்று என்னிடம் வாங்கியிருக்கிறீர்கள். பரிசோதனைக் கூடங்கள் இந்த வகைக் கல்லைப் பற்றி 2004லிருந்தே எச்சரித்து வருகின்றன. கல் விற்கும் நிறுவனத்துக்கு இது புதுச் செய்தியாக இருக்க வழியே இல்லை.

‘அமிலத்தில் போட்டது உங்கள் பத்தரின் தவறு’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் கேட்டார். கண்ணாடியா என்று வாய்விட்டே கேட்டார். உங்கள் அட்டை ‘இல்லை’ என்றது. இதற்கு மேல் அந்த மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்?

‘திருப்பி அனுப்புவதற்கான ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது’ என்று நீங்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அட்டையில் எழுதியது ஒன்று, உறைக்குள் இருந்தது வேறொன்று. பொய்யான விவரம் சொல்லி விற்ற பொருளுக்கு உங்கள் கெடு எப்படிச் செல்லும்?

86,400 ரூபாயையும் பரிசோதனைக் கட்டணத்தையும் எனக்குத் திருப்பித் தர வேண்டும். பத்தர் வாங்க மறுத்த கூலியையும் அவருக்காகத் தர வேண்டும். கல் கெட்டதற்குப் பத்தர் காரணமில்லை, அட்டையில் இருந்த விவரம்தான் தவறு என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பணத்தை விட இது எனக்கு முக்கியம். அப்புறம், ‘சூடு மட்டும் செய்தது’ என்ற அதே வரியோடு இன்னும் நான்கு மாணிக்கங்கள் உங்கள் தளத்தில் விற்பனைக்கு இருப்பதை நேற்றும் பார்த்தேன். அவற்றைப் பரிசோதிக்கும் வரை எடுத்துவிடுங்கள். இந்த வகையில் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். யாராவது மோதிரத்தோடு எலுமிச்சை பிழிந்துகொண்டிருப்பார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

பில், அட்டை, அறிக்கை ஆகியவற்றின் நகல்களையும், கல்லின் நெருக்கப் படங்கள் ஆறையும் இணைத்திருக்கிறேன். கல்லைப் பத்தரே பதக்கத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டார். பணம் என் கணக்குக்கு வந்த மறுநாள் உங்கள் உறையோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
காங்கேயம்.