நித்தியகல்யாணிக்கு அங்கே ஒரு சீசன்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்நாட்டில் பனி விழுந்தால் தோட்டமே செத்துவிடும், வருடா வருடம் புதிதாகத்தான் நடவேண்டும் என்று சென்ற ஞாயிறு மலரில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதி சரி. நான் பினாங்கு லிட்டில் இந்தியாவில் 30 வருடம் மாலை கட்டி விற்றவள். டொரண்டோவில் மகள் வீட்டில் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிவரை இருந்துவிட்டு வந்திருக்கிறேன். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

இங்கே கவனிக்காமல் விட்டாலும் பூக்கிற நித்தியகல்யாணி, நான் அங்கே போய் இறங்கிய வாரமே ஓர் இரவு உறைபனியில் கறுத்துத் தொங்கிவிட்டது. பெயரில் நித்தியம் இருந்து என்ன பயன்! செண்டுப்பூவும் அதே கதிதான். டேலியா, கல்வாழை இரண்டுக்கும் தண்டு கருகினாலும் கிழங்கில் உயிர் இருக்கும். ஆனால் மண் உறைந்தால் அதுவும் போய்விடும் என்று மகள் தோண்டியெடுத்து, அட்டைப்பெட்டியில் மரத்தூள் போட்டு, பேஸ்மெண்டில் வைத்தாள். மே மாதம் திரும்ப நடுவாளாம்.

பியோனி வேறு சாதி. வாடிய தண்டைத் தரையோடு வெட்டிவிட்டோம். அப்புறம் அந்த மூலையை நான் மறந்தே போனேன். ஏப்ரலில் பார்த்தால் தண்டுக்கீரை நிறத்தில் முளை! ஒரே இடத்தில் 50 வருடம்கூட இருக்குமாம். குளிர் படாவிட்டால்தான் அது சரியாகப் பூக்காது. டியூலிப்புக்கும் குளிர் வேண்டும், ஆனால் அதை நம்ப முடியாது. முதல் வருடம் அழகாகப் பூத்துவிட்டு அடுத்த வருடம் வெறும் இலையோடு நிற்கும். அதுவும் அணில் விட்டுவைத்தால்! நட்ட மறுநாளே தோண்டித் தின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த டாஃபோடிலைத் தொடவில்லை, அதில் நஞ்சு என்று அணிலுக்குத் தெரிந்திருக்கிறது.

ஊர் திரும்பியும் ஆசை விடவில்லை. 'ஆண்டுதோறும் பூக்கும்' என்று இங்கே ஓர் இணையக் கடையில் போட்டிருந்ததைப் பார்த்து, 40 வெள்ளிக்கு நாலு டியூலிப் கிழங்கு வாங்கினேன். ஐஸ் பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் 12 வாரம். பக்கத்தில் ஆப்பிள் இருந்தால் உள்ளே இருக்கும் மொட்டு கெட்டுவிடும் என்று மகள் சொன்னதால் பழத்தை எல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். ஒன்றே ஒன்று, விரல் நீளத்தில் பூத்தது. நாலு நாளில் உதிர்ந்தது. கிழங்கு அழுகிவிட்டது.

ஆகவே உங்கள் தோட்டப் பகுதியில் 'ஆண்டுதோறும் பூக்கும்' என்று எழுதும்போது, எந்த ஊரில் என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பூக்காரம்மா,
ஆயர் ஈத்தாம், பினாங்கு