காலண்டரில் சிவப்புத் தாள் வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

என் தங்கச்சி மகள் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி பள்ளிக்கூடத்தில் பேனாவை என்னிடம்தான் நீட்டினார்கள். நான் வாங்கித் தங்கச்சியிடம் கொடுத்தேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் என்றால் நானே போட்டிருப்பேன். என்னை மாற்றியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

தங்கச்சியின் மாற்றுத்திறனாளி அட்டையில் அறிவுசார் குறைபாடு, 50 சதவீதம் என்று இருக்கும். மணி பார்க்கத் தெரியாது. சில்லறைக் கணக்கு கொஞ்சம் நீண்டால் குழம்பிவிடுவாள். ஆனால் கத்திரிக்காய்க் குவியலில் சொத்தையைப் பொறுக்குவதில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அவளை மிஞ்ச ஆள் குறைவு. அங்கே மூட்டை தூக்கும் மாப்பிள்ளை அதைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்பார், பாதி கிண்டலாக.

அவள் உண்டானபோது வீட்டில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. கூட்டிப்போன ஒரு மருத்துவமனையில், கருவைக் கலைத்துவிட்டு அப்படியே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிவிடலாம் என்றார்கள். நானும் சரி என்றேன். அவள் வெளியே பெஞ்சில் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். உதவித்தொகைக்கு அலைந்த நாட்களில் பழக்கமான சமூகப் பணியாளர் மேடத்திடம் இதைச் சொல்லப் போனேன். ஏதாவது கடிதம் தந்தால் வேலை சுலபமாகுமே என்ற எண்ணம். மேடம் கேட்டது ஒன்றுதான்: "தங்கச்சிகிட்ட கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் கேட்கவில்லை என்று அப்புறம் தெரிந்தது.

அன்று மேடம் உட்காரவைத்துச் சொன்னதை இங்கே எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும். 2009-ல் சண்டிகரில் அரசு காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண் ஒருத்தியின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வன்கொடுமையால் உண்டான கரு அது. ஆனாலும் குழந்தை வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். உச்ச நீதிமன்றம் அவள் பேச்சைத்தான் ஏற்றது. மூன்று பேர் அமர்வில் நம் ஈரோட்டுப் பக்கத்து நீதிபதி சதாசிவமும் ஒருவர். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ இன்னும் கறார். மாற்றுத்திறனாளிப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால், கடுமையான குறைபாட்டுக்கு என்று வைத்திருக்கும் விதிவிலக்கு தவிர, ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. அன்று இரவு கேட்டோம். "பாப்பா வேணும்" என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

மேடம், உங்களுக்கு நன்றி சொல்ல எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. காலண்டரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் காலையில் தாள் கிழிப்பது சின்ன வயதிலிருந்து தங்கச்சி வேலை. நீங்கள் பாப்பாவின் ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி வரும் புதன்கிழமைகளுக்கு முந்தைய தாளில் ஒரு சிவப்புத் தாளைச் செருகி வைத்தீர்கள். சிவப்பு வந்தால் நாளைக்கு ஊசி. ஒரு ஊசியும் தவறவில்லை. மணி தெரியாதவளுக்கு மணி சொல்லித்தர நீங்கள் முயலவே இல்லை. பாங்கு சொன்னதும் ஒரு வேளை மருந்து, பள்ளிக்கூட மணி அடித்தால் கஞ்சி என்று மாற்றிவிட்டீர்கள். மருந்து மூடியில் நெயில் பாலிஷால் ஒரு கோடு. உப்புச்சர்க்கரைப் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் என்று சொல்லாமல், "இந்தத் தண்ணி பாட்டில் முழுசும், பாக்கெட் முழுசும்" என்று பாட்டிலையே கையில் கொடுத்தீர்கள். எல்லாம் எங்கள் வீட்டு அடுப்படியில், எங்கள் சாமான்களோடு. வேறு இடத்தில் கற்றதை வீட்டுக்குக் கொண்டுவருவது இவர்களுக்குக் கஷ்டம் என்று சொல்வீர்கள்.

ஆனால் உங்களுக்கு அதிக வேலை வைத்தது தங்கச்சி இல்லை, நாங்கள்தான். அம்மா பிள்ளையை அவள் கையில் தரவே மாட்டார்கள். குளிப்பாட்ட, பவுடர் போட, சோறூட்ட எல்லாம் அம்மாதான். பேச்சு வந்தபோது பாப்பா பாட்டியை "அம்மா" என்றும் பெற்றவளைப் பேர் சொல்லியும் கூப்பிட்டது. நாங்கள் சிரித்தோம், நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே அம்மாவிடம் பேசி, குளிப்பாட்டுவதைத் துண்டு துண்டாகப் பிரித்தீர்கள். முதலில் தங்கச்சி துண்டோடு நிற்பாள். அப்புறம் தண்ணீர் ஊற்றுவாள். கடைசியில் அம்மா துண்டோடு நின்றார்கள். இரண்டு மாதம் ஆனது. எங்கள் அம்மா அந்த இரண்டு மாதமும் உங்களை என்னவெல்லாம் திட்டினார்கள் என்று இப்போது சொன்னால் பரவாயில்லைதானே?

பிள்ளைக்கு ஒன்றே முக்கால் வயதில் தெருவுக்குத் தனியாக வந்துவிட்டாள் என்று யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்மேல் கோபம் இல்லை. கேட் திறந்துதான் கிடந்தது. விசாரிக்க வந்த ஒருவர் தங்கச்சியைப் பார்க்காமல் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, "இந்தம்மாகிட்ட எப்படிங்க குழந்தைய விடறது?" என்றார். அதற்குப் பிறகு நடந்தது அதைவிட மோசம். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததைத் தங்கச்சி இரண்டு நாள் ஒளித்துவிட்டாள். சொன்னால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். என்னிடம்கூடச் சொல்லவில்லை. மேடம் அதைக் கேட்டு, உதவி கேட்கவே பயப்பட வைத்துவிட்டோமே என்று தலையில் கை வைத்தது எனக்கு மறக்காது.

குழந்தைகள் நலக் குழுவில் எங்களை விசாரித்த அன்று, எல்லோரும் என்னைப் பார்த்தே பேசினார்கள். ஒரு உறுப்பினர் மட்டும் நாற்காலியைத் திருப்பித் தங்கச்சியைப் பார்த்து, "பாப்பாவுக்கு வயித்தால போனா என்னம்மா பண்ணுவே?" என்றார். "பாட்டில் முழுசும், பாக்கெட் முழுசும்" என்றாள். பெயர்கூடத் தெரியாத அந்த உறுப்பினருக்கு என் கும்பிடு. 2007-ல் இந்தியா ஏற்ற, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவில், பெற்றோரின் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது, வளர்க்க உதவ வேண்டும் என்று இருப்பதை மேடம் அங்கே எடுத்துச் சொன்னார். கேட்டுக்கு மேல்தாழ்ப்பாள் போடச் சொல்லி அனுப்பினார்கள். நூற்றைம்பது ரூபாய்த் தாழ்ப்பாள்.

ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பாமல், "மேடம் சொன்னதையே நாங்களும் சொல்றோம்" என்று நின்ற கிராம நர்சம்மாவுக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் நன்றி. மாதாமாதம் வரும் உதவித்தொகை 1500 ரூபாய் 2023-ல் 2000 ஆனபோது வங்கியில் வரிசை நின்று தந்த எதிர் வீட்டு அத்தைக்கும். மாப்பிள்ளை, நீங்கள் ராத்திரி லோடு முடித்து வந்து, தூங்காமல் தங்கச்சியோடு, வேலைகளைப் படமாகக் காட்டும் சீட்டுகளைப் பார்த்துப் பழகியது எனக்குத் தெரியும்.

இனி வீட்டுப்பாடம் வரும். அதில் தங்கச்சிக்குத் தெரியாததும் வரும். மேடம் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எழுதி முடித்துத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஆட்டோ அண்ணன் எங்கே?" என்றாள். ஊசிக்குப் போன புதன்கிழமை ஒன்றுக்குக்கூடக் காசு வாங்காத ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. தங்கச்சி சொல்லி எழுதியது.