சக்கிமுக்கித் துப்பாக்கியைத் துலக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டில் பங்காளிகள் கூடிப் பழைய வீட்டைக் காலி செய்யும்போது மரச்சாமானும் பீங்கானும் கண்ணாடிப் படங்களும் உடனே விலை பேசப்படுகின்றன. பரணில் கிடக்கும் சக்கிமுக்கித் துப்பாக்கி, அதாவது கல்லை எஃகில் உரசிப் பொறி எழுப்பிச் சுடும் அந்தக் கால நீளத் துப்பாக்கி, கடைசியில்தான் வெளியே வருகிறது. வந்ததும் வராததுமாகப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, குழலை வெள்ளையாக்கி, பித்தளைப் பூண்களைப் பளபளக்க வைத்துத்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கொண்டுபோகிறார்கள். அழுக்கோடு சேர்ந்து அந்தத் துப்பாக்கியின் வயதைச் சொல்லும் அத்தாட்சியும் போய்விடுகிறது. விவரம் தெரிந்தவர் பார்க்கும்வரை அதை இருந்தபடியே விடுங்கள் என்று சொல்லத்தான் இக்கடிதம்.

முதலில் உள்ளே மருந்து கெட்டித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெட்டித்ததைச் சுடாமலே மாட்டி வைத்துவிட்ட துப்பாக்கிகள் உண்டு. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் பற்றும். குழல் வாய்க்கு நேரே நிற்காமல், பக்கவாட்டில் இருந்தபடி ஒரு மூங்கில் சிம்பை அடிவரை மெதுவாக விடுங்கள். இரும்புக் கம்பி கூடாது. வாய் விளிம்பில் சிம்பின் மேல் பென்சில் கோடு போட்டு வெளியே எடுங்கள். கோடு வாய்க்கு நேராக இருக்கும்படி சிம்பைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்தால், அதன் முனை, குதிரைக்கு (விசையைத் தட்டினால் பாய்ந்து அடிக்கும் சுத்தி போன்ற உறுப்பு) பக்கத்தில் உள்ள ஊசித்துளையை, அதாவது குழலுக்குள் நெருப்பு போகும் சிறு துளையை, எட்ட வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக் கூடாக இருக்கலாம். மருந்தும் குண்டுமாகவும் இருக்கலாம். நோண்டக் கூடாது, சூடு காட்டக் கூடாது. காவல் நிலையத்துக்குச் சொல்லி அவர்களை வரவழைப்பதுதான் சரி.

அடுத்த தவறு, குதிரையை இழுத்து விட்டுப் பார்ப்பது. சக்கிமுக்கித் துப்பாக்கியில் குதிரையின் தாடை, தோலோ ஈயத் தகடோ சுற்றிய கல்லைக் கவ்வியிருக்கும். விசையைத் தட்டினால் கல் எதிரே நிற்கும் எஃகு மூடியின் முகத்தில் உரசி அதைத் துகள் துகளாகச் சீவும். சிவக்கக் காய்ந்த அந்தத் துகள்தான் பொறி. அதே அடியில் மூடி திறந்து, பொறி, ஊசித்துளைக்கு வெளியே உள்ள கிண்ணி என்ற சிறு குழியில் இருக்கும் மருந்தில் விழும். கல் இல்லாமல் குதிரையை விட்டால் அந்த அடியைத் தாங்க ஒன்றும் இல்லை. குதிரையின் கழுத்து முறியும், அல்லது உள்ளே மடித்து வைத்த பட்டை வில் தெறிக்கும். இரண்டுக்கும் இன்று மாற்றுக் கிடைப்பது அரிது.

எஃகு மூடியின் முகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுட்டு உழைத்ததென்றால் மேலிருந்து கீழாக நீளக் கீறல்கள் ஓடியிருக்கும். கீறலே இல்லையென்றால் மூடி புதிதாக மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது மொத்தமும் சுவர் அலங்காரத்துக்குச் செய்ததாக இருக்கலாம். 1820களுக்குப் பிறகு, வெடிமருந்து வைத்த சிறு உலோகத் தொப்பியைக் குதிரையால் அடித்துப் பற்றவைக்கும் கேப் முறை பரவியபோது ஏராளமான சக்கிமுக்கிகளை மாற்றினார்கள். கிண்ணியையும் மூடியையும் கழற்றி, ஊசித்துளையைப் பெரிதாக்கி மரை வெட்டி, கேப் செருகும் காம்பைப் பொருத்தினார்கள். இன்று சக்கிமுக்கிக்கே விலை அதிகம் என்பதால் அதைப் பழையபடி திருப்பி விற்பவர்களும் உண்டு. பக்கத்தில் உள்ள இரும்பெல்லாம் அரித்துக் குழி விழுந்திருக்க, கிண்ணி மட்டும் கூரான விளிம்போடு இருந்தால் அது திருப்பிய வேலை. ஊசித்துளையைச் சுற்றி நிறம் மாறிய வட்டம் தெரிந்தால், அங்கே பெரிய துளையை அடைத்திருக்கிறார்கள். சாணை பிடித்துவிட்டால் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வாங்குபவரும் ஏமாறுவார், நல்ல பொருளை வைத்திருக்கும் விற்பவருக்கும் நட்டம்.

முத்திரையும் முக்கியம். குதிரையைத் தாங்கும் பக்கவாட்டு இரும்புத் தகடான குதிரைத் தகட்டில் முன்னங்கால்களில் கிரீடம் ஏந்தி எழுந்து நிற்கும் சிங்கம் இருந்தால், அது 1808-க்குப் பிந்தைய கிழக்கிந்தியக் கம்பெனிக் குறி. அதற்கு முன் இருதய வடிவக் குறி. கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கிக்குக் குழல் 39 அங்குலம், உள்வாய் (குழலின் உள்விட்டம்) முக்கால் அங்குலம், உட்புறம் வழுவழு. அதை ரைஃபிள் என்று விற்பது தவறு. ரைஃபிள் என்றால் குழலுக்குள் முறுக்கு வரிகள் வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீள ரைஃபிளில் எட்டுப்பட்டைக் குழல் பெரும்பாலும் 42 முதல் 46 அங்குலம், உள்வாய் ஏறக்குறைய அரை அங்குலம். அலையலையாக வரி ஓடும் மேப்பிள் மரத்தில் வெள்ளிப் பிறை பதித்து, அடிக்கட்டையில் பித்தளை மூடி போட்ட சிறு பெட்டியும் வைத்திருப்பார்கள். அங்கேயும் துலக்காததற்குத்தான் கிராக்கி. மரம் காலப்போக்கில் சுருங்குவதால் அதில் பதித்த பழைய வெள்ளியின் ஓரம் மரத்தைவிட இம்மியளவு தூக்கலாக நிற்கும். அதைத் தேய்த்துச் சமன் செய்தால் வேலைப்பாடே பாழ்.

நம் நாட்டு வேலைப்பாட்டில் இரும்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மயிரிழைக் கோடு கீறி, வெள்ளிக் கம்பியை வைத்துத் தட்டிப் பிடிக்கச் செய்வது கோஃப்ட்காரி. தேய்ந்த இடத்தில் அந்தக் கோடுகள் தெரியும். பூச்சு வேலையில் தெரியாது. புலி உருவம் இருந்தாலே 'திப்பு துப்பாக்கி' என்று விலை ஏற்றுகிறார்கள். திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டினத்துப் பட்டறை வேலையில் புலிவரியோடு, திப்பு வழங்கிய தனி ஆண்டுக் கணக்கான மௌலூதி ஆண்டும் இருக்கும். அந்த எண்ணை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பராமரிப்பு எளிது. பழுப்பாக இறுகிய துரு குழலைக் காக்கிறது. தொட்டால் செம்பொடியாக உதிரும் துருவை மட்டும் தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி எடுத்து, மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் போதும். தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும். புளி, எலுமிச்சையின் புளிப்பு பூணுக்கு அடியில் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். மரத்துக்கு வார்னிஷ் வேண்டவே வேண்டாம். குதிரைத் தகட்டைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் குதிரையைப் பாதி நிலையில் நிறுத்தி, எதிர்ப்பக்கத் திருகாணிகளைச் சில சுற்று மட்டும் தளர்த்தி, அவற்றின் தலையில் மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் தகடு தானே வெளியே வரும். ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினால் மரம் சில்லாகப் பெயரும். ஐப்பசி, கார்த்திகையில் சுண்ணாம்புச் சுவரில் ஈரம் ஏறும்போது குழல் சுவரைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக்கில் சுற்றினால் இன்னும் மோசம்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பழையது என்பதாலேயே லைசென்ஸ் வேண்டாம் என்றாகிவிடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாதவற்றுக்குத்தான். லைசென்ஸ்தாரர் காலமானால் வாரிசுகள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து, தங்கள் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தில் வரும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள பிள்ளைகளுக்குப் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது.

பயந்துபோய்க் கண்மாயில் வீசுவதும், துளையை வெல்டிங் வைத்து அடைப்பதும் இந்தக் குழப்பத்தால்தான். புதுக்கோட்டை அருங்காட்சியகமும் காவல் துறையும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருநாள் காரைக்குடியில் முகாம் நடத்தி, வீட்டார் கொண்டுவரும் படங்களைப் பார்த்து எது லைசென்ஸுக்கு உரியது, எது காட்சிப்பொருள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். அதற்குள் வீட்டைக் காலி செய்பவர்கள் துப்பாக்கியை அப்படியே படம் எடுத்து, இரும்புப் பெட்டியில் பழைய லைசென்ஸ் தாள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் துப்பாக்கியோடு சேர்த்தே வையுங்கள். அது எந்த வீட்டுத் துப்பாக்கி என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

இப்படிக்கு,
பழம்பொருள் சேகரிப்பாளர்கள்,
காரைக்குடி