தைராய்டு சீட்டின் பின்பக்கத்தைக் கேட்டு ஒரு மடல்

தமிழ்நாட்டின் மருத்துவர்களுக்கும், ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துவோருக்கும்,

வணக்கம். ஈரோட்டில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். உங்களுடைய மருந்துச் சீட்டு, லேப் கவர், பில் புக் எல்லாம் எங்களைப் போன்ற கடைகளில்தான் அச்சாகின்றன. பரிசோதனைக்கு எழுதித் தரும் சீட்டின் பின்பக்கம் பெரும்பாலும் வெள்ளையாகவே போகும். ஏதாவது இருந்தால் அது முழு உடல் பரிசோதனைச் சலுகை விளம்பரம். அந்தப் பின்பக்கத்தில் பத்து வரி இடம் கேட்கத்தான் இந்த மடல்.

போன வருஷம் என் தொண்டையில் ஏதோ நிற்பது போல ஆரம்பித்தது. வலி கிடையாது. எச்சில் விழுங்கினால் ஓர் உருண்டை ஏறி இறங்குவது போல இருக்கும். இட்லி, சோறு எல்லாம் தடையில்லாமல் இறங்கும். சாப்பிட்டு முடித்து சும்மா உட்கார்ந்தால் மறுபடி வந்து நிற்கும். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "தைராய்டு பார்த்துடலாம்மா" என்றார். சீட்டில் கிறுக்கினார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். வெளியே நாற்காலி போதாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எதைத் தேடுகிறார், எது இல்லை என்று நினைக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அதற்கப்புறம் முடிவு வரும்வரை என்ன நடக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நோயாளி கண்ணாடி முன்னால் போய் நிற்பாள். தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு வாய் தண்ணீர் விழுங்கி, கழுத்தில் எது ஏறுகிறது என்று பார்ப்பாள். எல்லோருக்கும் குரல்வளை ஏறி இறங்கும், அது அவளுக்குத் தெரியாது. ராத்திரி விளக்கணைத்த பிறகு வெறும் தொண்டையோடு விழுங்கி விழுங்கிப் பார்ப்பாள். விழுங்க விழுங்க உருண்டை பெரிதாகும். கனைத்தால் தொண்டை இன்னும் புண்ணாகும். காலையில் அக்கம்பக்கத்தார் வருவார்கள். முட்டைக்கோஸ் தொடாதே, கல்லுப்பை மாற்று, யாரோ ஒருத்திக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. இந்த மூன்றாவது வசனத்தை ஏன் எல்லோரும் தவறாமல் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உங்களுக்கோ இதெல்லாம் அன்றாடச் சங்கதி. சாப்பிடும்போது மறைந்து, சும்மா இருக்கும்போது வரும் இந்த உருண்டைக்குப் பெரும்பாலும் தைராய்டு காரணமே இல்லை. வயிற்று அமிலம் மேலே வருவது, தொண்டைத் தசை இறுகுவது, மனக் கவலை, இவைதான் அடிக்கடி காண்கிற காரணங்கள். கவலைப்பட்டால் கூடும், கூடினால் கவலை வரும். "இது ரொம்பப் பேருக்கு வருகிற ஒன்று, சந்தேகம் தீர ஒரு டெஸ்ட் பார்க்கிறோம்" என்று சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அந்த ஒரு வாக்கியமே பாதி மருந்து.

இனி லேப் நடத்துவோருக்கு. ரிப்போர்ட் வாட்ஸ்ஆப்பில் வருவது நல்ல வசதிதான். ஆனால் சனிக்கிழமை ராத்திரி, தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியோடு வருகிறது. எனக்கு டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) 5.8. உங்கள் அளவுகோலில் நாலு சொச்சத்தில் கோடு முடிகிறது. கீழே 'மருத்துவரை அணுகவும்' என்று ஒரு வரி. எந்த மருத்துவர் சனிக்கிழமை ராத்திரி இருப்பார்? தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச். கொஞ்சம் மட்டும் ஏறியிருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் பொதுவான வழக்கம். பல பேருக்குத் தானாகவே இறங்கியும் விடும். டி.எஸ்.எச். ஒரே நாளிலேயே ஏறி இறங்கக் கூடியது, ராத்திரியிலும் விடிகாலையிலும் கூடுதலாக இருக்கும். இதையெல்லாம் திங்கட்கிழமை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நடுவில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

உங்கள் கவர்களில் ஐ.எஸ்.ஓ. 15189 தரச்சான்று என்று நானே எத்தனையோ தடவை அச்சடித்திருக்கிறேன். முடிவை விளக்கும் ஆலோசனையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அந்தத் தரவிதியிலேயே இருக்கிறது. முத்திரையைப் போட்டுக்கொள்கிறவர்கள், பேசுவதற்கு ஓர் எண்ணையும் அதன் கீழே போடலாமே.

ரத்தம் எடுக்கும்போது பெயர், வயது, பணமா ஜீபேயா என்று கேட்கிறீர்கள். முடி உதிர்வதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று யாராவது கேட்கிறீர்களா? அதில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருந்தால் சில வகைக் கருவிகளில் தைராய்டு முடிவே தப்பாகக் காட்டும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும், நன்றாக இருக்கிற ஆளுக்குத் தைராய்டு மிகையாகச் சுரப்பது போலத் தெரியும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்தச் சொன்னால் போதும்.

ஸ்கேன் கதை தனி. கழுத்து ஸ்கேனில் 0.9 செ.மீ. அளவில் ஒரு முடிச்சு, 'டைராட்ஸ் 3' என்று எழுதி வந்தது. என் நாத்தனார் அதை வாங்கிப் பார்த்தவள், முகம் வெளுத்து, "மூணாவது ஸ்டேஜா அண்ணி?" என்றாள். அவளை எப்படிக் குறை சொல்வது? எண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அது ஸ்டேஜ் அல்ல, சந்தேகத்தின் அளவு, ஒன்றிலிருந்து ஐந்து வரை. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் 2017 அட்டவணைப்படி மூன்று என்றால் புற்றுக்கான வாய்ப்பு நூற்றில் ஐந்துக்கும் குறைவு. 2.5 செ.மீ. ஆனால்தான் முடிச்சில் ஊசி குத்தித் துளி எடுத்துச் சோதிக்கச் சொல்கிறது, 1.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அதற்காகத் திரும்ப ஸ்கேன்கூடக் கேட்பதில்லை. 'இந்த எண் நோயின் நிலையைக் குறிப்பதல்ல' என்று அடியில் ஒரு வரி சேர்த்தால் எத்தனை வீடு நிம்மதியாகத் தூங்கும்.

தேடினால் கிடைக்கும் என்பதற்குத் தென்கொரியாதான் பெரிய உதாரணம். அங்கே 1999-ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் காசில் கழுத்து ஸ்கேனும் எடுத்தார்கள். 2011-ல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்று 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறந்தவர்கள் எண்ணிக்கையோ மாறவே இல்லை. தேவையில்லாமல் அறுவை செய்து தைராய்டை அகற்றிக்கொண்டு, ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்குகிறவர்கள் எத்தனையோ பேர். எங்கள் கடையில் அச்சாகும் சலுகை நோட்டீஸ்களில் கழுத்து ஸ்கேனும் சேர ஆரம்பித்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. வியாபாரம் கெடும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எனக்குக் கடைசியில் தொண்டை டாக்டர் குழாய் கேமரா விட்டுப் பார்த்து, அமிலம்தான் என்றார். ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் நகர்த்தினேன், நாளடைவில் குறைந்தது. அதை விடுங்கள். கேட்க வந்தது இதைத்தான். சீட்டின் பின்பக்கத்தில் இப்படிப் போடலாமா:

"உங்களுக்குத் தைராய்டு பரிசோதனை எழுதியிருக்கிறோம். தொண்டையில் உருண்டை நிற்பது போன்ற உணர்வுக்குப் பெரும்பாலும் பயப்படும்படியான காரணம் இருக்காது. விழுங்கி விழுங்கிப் பார்க்காதீர்கள், கனைக்காதீர்கள், ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். முடி, நகத்துக்கான மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். முடிவு ........ கிழமை வரும். ........ மணிக்கு ........ என்ற எண்ணில் பேசலாம். சாப்பாடு இறங்காமல் நின்றாலோ, கழுத்துக் கட்டி வேகமாகப் பெருத்தாலோ, குரல் கம்மி மூன்று வாரத்தில் சரியாகாவிட்டாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, எச்சிலில் ரத்தம் தெரிந்தாலோ முடிவுக்குக் காத்திருக்காமல் வாருங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108."

நான் டாக்டர் இல்லை, அச்சடிக்கிறவள். தப்பிருந்தால் சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்புங்கள். எழுத்து 11 பாயின்ட்டுக்குக் கீழே போகக் கூடாது, வயதானவர்கள் படிக்க வேண்டும். கிழமைக்கும் மணிக்கும் எண்ணுக்கும் விட்ட கோடிட்ட இடத்தைத் தயவுசெய்து காலியாக விடாதீர்கள். எங்களிடம் சீட்டு அடிக்கிறவர்களுக்கு, பின்பக்க பிளேட் செலவு முதல் தடவை என் கணக்கு.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஓர் அச்சகக்காரி